எல்லாருக்கும் போன் எடுக்கும் போதகருக்கு

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் போதகர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நிரந்தரவாசியாகி, பதினோரு ஆண்டுகளாக இங்கே ஊழியம் செய்கிறார். மனைவி, உயர்நிலை நான்கில் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளியில் ஒரு மகன், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஞாயிறு காலை ஆராதனை. மாலையில் விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தனிக் கூட்டம். செவ்வாய் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம். நடுவில் மருத்துவமனை, தாதிமை இல்லம், புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்க வீடு, மண்டாய் தகனச்சாலையில் ஆராதனை. திங்கள் ஓய்வு என்று பெயர். எட்டு மாதமாக ஒரு திங்களும் ஓய்வாகக் கழியவில்லை என்கிறார். இதற்கு மேல் மூன்று பாரங்கள்.

சபையில் ஒரு சகோதரியைக் கணவர் அடிக்கிறார். கணவர் செயற்குழுவில் இருப்பவர். "சத்தியமா யார்கிட்டயும் சொல்லாதீங்க பாஸ்டர்" என்று அந்தப் பெண் அழுததும் இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். இருவரையும் உட்காரவைத்து ஜெபித்தார். கணவர் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரத்தில் சகோதரி கையில் கட்டோடு வந்தார்.

இரண்டாவது, புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி. இயந்திரத்தில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. விடுதிப் படியில் விழுந்ததாகச் சொல்லச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஊருக்கு விமானச் சீட்டு போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, கடனில் மூழ்கிய ஒரு விசுவாசிக்காக, உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு இவர் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடன் வாங்கியவர் தவணை கட்டவில்லை. இப்போது கடிதம் இவர் வீட்டுக்கு வருகிறது. மனைவிக்குத் தெரியாது.

அவருடைய கேள்வி இது: "ஜனங்களுக்கு ஆறுதல் சொல்கிற என்னால் இரவில் தூங்க முடியவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? ஊழியத்தை விட்டுவிடலாமா?"

போதகர் ஐயா,

வணக்கம். நான் உங்கள் சமயத்தைச் சேர்ந்தவள் அல்ல. இருபது ஆண்டுக்கு மேல் மருத்துவமனையில் சமூக சேவையாளராகவும், பிறகு மனநல ஆலோசகராகவும் வேலை பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் உங்கள் ஏழு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். சகோதரியைப் பற்றி மூன்று பக்கம், தம்பியைப் பற்றி இரண்டு, கடனைப் பற்றி ஒன்றரை. உங்களைப் பற்றிக் கொஞ்சம்தான். அதிலும் ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்: "(காலையில் எழுந்திருக்காமலே போனால் எவ்வளவு நிம்மதி என்று சில இரவுகளில் தோன்றுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)"

நான் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். சபையில் ஒரு வாலிபன் இதே வரியை உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் அன்றிரவே அவன் வீட்டு வாசலில் நின்றிருப்பீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரி

நான்கு மணி நேரத் தூக்கம், போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடப்பு, சாப்பாட்டில் ருசி இல்லாமை, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராமை. இவை எட்டு மாதமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் கைப்பேசியில் உங்கள் எண் "அப்பா" என்று இல்லாமல் "பாஸ்டர்" என்று பதிவாகியிருந்ததைப் பார்த்தும் அழுகை வரவில்லை, ஒன்றுமே தோன்றவில்லை என்கிறீர்கள். அந்த "ஒன்றுமே தோன்றவில்லை" என்பதுதான் என்னை நிறுத்தியது. மனச்சோர்வு நோய் எல்லாருக்கும் அழுகையாக வருவதில்லை. பலருக்கு மரத்துப்போவதாக வருகிறது. மற்றவர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்பவர்களிடம், தாதியர், ஆசிரியர், என்னைப் போன்ற ஆலோசகர்கள் உட்பட, இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

விசுவாசம் குறைந்ததா என்று கேட்கிறீர்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் அப்படிக் கேட்பீர்களா? தூங்காத உடம்பில் மனம் தளர்வது உடம்பின் வேலை. உங்களுக்கு மனச்சோர்வு நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டக்கூடாது. அதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தைராய்டு, இரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றிலும் கோளாறு இருக்கலாம். பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இந்த வாரமே போங்கள். "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைட்டமின் மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். அடைப்புக்குறிக்குள் எழுதிய வரியை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். என் அறையில் அப்படி நீட்டியவர்கள் உண்டு.

அந்த எண்ணம் இரவில் வலுத்தால், அல்லது எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போனால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் போன் எடுக்கிறது. தேசிய மனநல உதவி எண் 1771. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 995, அல்லது மனைவியை எழுப்பி நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. "போலீஸ் வருமே, சபைக்குக் கேவலமாகுமே" என்ற பயம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இங்கே இல்லை. உங்கள் வாலிபர் கூட்டத்திலும் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள். தெரியாதவர்கள் நிறைய.

ஊழியத்தை விடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேட வேண்டாம். எட்டு மாதம் சரியாகத் தூங்காதவர் எடுக்கும் முடிவு தூக்கமின்மை எடுக்கும் முடிவு. முதலில் விடுப்பு கேளுங்கள். இரண்டு வாரம் நல்லபடியாகத் தூங்கிய பிறகு அந்தக் கேள்வி மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கு

சகோதரியின் விஷயத்தில் உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான்கு இடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன்.

"போதகரிடம் சொன்னது சட்டப்படி இரகசியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு அந்தத் திருச்சபையின் சட்டத்தில் இரகசிய முத்திரை உண்டு, கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது. அது சபைச் சட்டம். சிங்கப்பூரின் சாட்சியச் சட்டம் வழக்கறிஞரோடு பேசியதற்குத் தரும் பாதுகாப்பைப் போதகரோடு பேசியதற்குத் தரவில்லை. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம்: நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உங்கள் உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடிய இன்னொருவரிடம் சொல்வேன், முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு. இனி நீங்களும் இந்த வாக்கை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்ததற்கு, சகோதரியிடமே திரும்பப் போய், "அம்மா, நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதை அப்படியே காப்பாற்றினால் உங்களைக் காப்பாற்ற முடியாது" என்று சொல்வது நேர்மை.

இரண்டாவது, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தது. சாதாரணக் கணவன் மனைவி சண்டைக்கு அது நல்ல வழி. அடி விழும் வீட்டுக்கு ஆபத்தான வழி. அந்த அறையில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டில் கணக்குக் கேட்கப்படும். கணவர் அழுதது பொய் என்று நான் சொல்லவில்லை. அழுகையும் உண்மை, அடுத்த அடியும் உண்மை. இனி இருவரையும் தனித்தனியாகவே பாருங்கள். அவள் பாதுகாப்பு உறுதியாகும்வரை கணவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். செயற்குழுவில் எடுக்கவும் வேண்டாம். உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று அவர் யோசிக்கவேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, "பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் குடும்பம் உடைந்துவிடும்" என்ற எண்ணம். தனிநபர் பாதுகாப்பு உத்தரவு மணவிலக்கு அல்ல. கணவரைச் சிறைக்கு அனுப்பும் தாளும் அல்ல. "அடிக்காதே" என்று நீதிமன்றம் எழுத்தில் சொல்வது. அந்த உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். உடனடி ஆபத்து என்றால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு கிடைக்கும். கணவர் ஆலோசனைக்குப் போகவேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட முடியும். உத்தரவோடு ஒரே வீட்டில் தொடர்ந்து வாழும் தம்பதிகளை நான் அறிவேன். குடும்ப வன்முறையைக் கையாளும் பெண்கள் சாசனம் என்ற சட்டத்தில் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மிரட்டுவது, மனதை வதைப்பது, எங்கே போகிறாய் யாரோடு பேசுகிறாய் என்று ஆட்டிவைப்பது ஆகியவையும் குடும்ப வன்முறை என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எலும்பு முறிந்தால்தான் வன்முறை என்றில்லை.

நான்காவதை உங்களிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "மன்னித்துவிடுங்கள்" என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பது அவளுக்கும் அவள் கடவுளுக்கும் இடையில். ஆனால் போதகர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது, "திரும்பிப் போய்ச் சகித்துக்கொள்" என்றுதான் அவள் காதில் விழுகிறது. நான் பார்த்த பெண்களில் சிலர் பல ஆண்டு பொறுத்ததற்குக் காரணம் கணவர் மேலுள்ள பயம் மட்டும் அல்ல. பெரியவர் ஒருவர் சொன்ன புத்திமதியும்தான்.

இப்போது செய்யக்கூடியது: உங்கள் மனைவியோடு சேர்ந்து அவளைப் பகல் நேரத்தில் சந்தியுங்கள். தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்குவது. அங்கே முதலில் ஆலோசனை மட்டும் கேட்கலாம். அவள் போன் செய்யும்போது பக்கத்தில் இருங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், மாற்று உடை இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வைக்கட்டும். கையில் கட்டுப் போட்ட மருத்துவரின் பதிவேடு ஆதாரம். காயத்தின் படங்களை அவள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளாமல், நம்பும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடலாம். அடி நடந்துகொண்டிருக்கும்போது 999. அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, உங்கள் வாக்கும் தடையில்லை.

தம்பியின் விரல்கள்

இதில் நேரம் முக்கியம். அதனால் நேராகச் சொல்கிறேன்.

"கையெழுத்துப் போட்டுவிட்டான், இனி உரிமை இல்லை" என்பது தவறு. வேலையிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். வேலை செய்யும்போது காயம் பட்டால் போதும், முதலாளி மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தம்பியின் கவனக்குறைவாக இருந்தாலும் கோரலாம். அந்த உரிமையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிட முடியாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை பதிவாக வேண்டும். சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம், மருத்துவமனையில் தங்கினால் 60 நாள்வரை. அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டுவரை. விரல் பழையபடி வேலை செய்யாது என்று மருத்துவர் மதிப்பிட்டால் அதற்குத் தனி இழப்பீடு.

ஊருக்குப் போனாலும் உரிமை செத்துவிடாது. ஆனால் புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இங்கே மருத்துவ மதிப்பீடு முடிப்பது பெரும்பாடு. ஆகவே விமானம் ஏறும் முன் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு, 6536 2692, போன் செய்யவேண்டும். அதுவும் 24 மணி நேர எண், தமிழில் பேசலாம். வேலை அனுமதி ரத்தானாலும், கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை தங்கச் சிறப்பு அனுமதி கேட்கலாம். விருப்பமில்லாமல் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவு அதிகாரியிடம் கடப்பிதழை நீட்டும்போதே "எனக்கு வேலையிடக் காயம், கோரிக்கை இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் மருத்துவக் குறிப்பில் "படியில் விழுந்தார்" என்று இருந்தால், அடுத்த முறை போகும்போது உண்மையைச் சொல்லித் திருத்திப் பதியச் சொல்லலாம். நசுங்கிய விரலும் படியில் விழுந்த விரலும் ஒரே மாதிரி இருக்காது, மருத்துவருக்கு அது தெரியும். இயந்திரத்தின் படம், அன்று கூட வேலை செய்தவர்கள் பெயர், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். அவன் கைப்பேசி "தொலைந்துபோனாலும்" அவை இருக்கும்.

"நான் தலையிட்டால் மதம் மாற்றுகிறேன் என்று விடுதியில் சிலர் சொல்கிறார்கள்" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நான் கோயிலுக்குப் போகிறவள், அதனால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம் என்று நினைக்கிறேன். விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவியும் ஜெபமும் ஒரே கையில் வரும்போது, ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்கவேண்டுமோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. "உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள், "வேண்டாம் அண்ணா" என்று சொல்ல அவனுக்கு இடம் விடுங்கள். அவன் வேண்டாம் என்றாலும் நீங்கள் அவனோடு மனிதவள அமைச்சுக்குப் போனீர்கள் என்பது விடுதிக்குத் தெரிந்தால், பேச்சு தானாக அடங்கும்.

பிணைக் கையெழுத்து

ஒருமுறை என்னிடம் வந்த போதகர் ஒருவர் நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினார். நண்பனுக்காகப் பிணைப்பட்டுவிட்டால், தூங்கப் போகும் முன்பே போய், வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோலத் தப்பித்துக்கொள் என்று அதில் இருக்கிறது. அதே தவறைச் செய்துவிட்டுத்தான் அவரும் வந்திருந்தார். ஆகவே நீங்கள் முதல் ஆளும் இல்லை.

"நான் சாட்சிதானே, கடன்காரன் இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். பிணையாளர் சாட்சி அல்ல. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஒப்பந்தப்படி உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம் அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. உரிமம் பெற்றவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போடக்கூடாது. தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேல் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து வாங்கிய அசலைத் தாண்டக்கூடாது. அதாவது 6,000 வெள்ளிக் கடனுக்கு மேல்செலவு எவ்வளவு ஏறினாலும் 6,000க்கு மேல் ஏற முடியாது. கணக்கு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் போங்கள். சட்ட நுணுக்கம் வழக்கறிஞர் வாயால் வரவேண்டும், என் வாயால் அல்ல.

சபையின் ஏழைகள் நிதியிலிருந்து கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது காணிக்கை கொடுத்தவர்களின் பணம், உங்கள் கையெழுத்துக்கான பணம் அல்ல. இன்னொரு இடத்தில் கடன் வாங்கிக் கட்டவும் வேண்டாம். கடன் வாங்கிய சகோதரரை அழைத்துக்கொண்டு கடன் ஆலோசனை தரும் அமைப்பு ஒன்றுக்குப் போங்கள். தவணையைக் குறைத்து நீட்டும் பேச்சை அவர்கள் நடத்தித் தருவார்கள். வீட்டில் அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் வழியில்லை என்றால் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கு சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது. அவர் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆலோங்கிடமும், அதாவது உரிமம் இல்லாத கடன் முதலைகளிடமும், வாங்கியிருக்கிறார். காவல்துறையிடம் போகவேண்டும், அதற்கான எண் 1800-924-5664. கடன் வாங்கியது மட்டும் குற்றம் அல்ல. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் அவர்களிடம் ஒப்படைப்பதுதான் அவரையும் குற்றவாளியாக்கும். இன்றே எச்சரித்துவிடுங்கள்.

உங்கள் மனைவியிடம் சொல்வது இந்தப் பகுதியில் கடினமானது. 6,000 வெள்ளியைவிட, மறைத்ததுதான் வீட்டில் பெரிய தொகையாக நிற்கும். நாள் போகப்போக அதற்கும் வட்டி ஏறும்.

திங்கட்கிழமை

பல ஆண்டுக்கு முன் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், சாரக்கட்டிலிருந்து விழுந்த ஒரு தம்பியைப் பார்க்க இரவு இரண்டு மணிக்கு ஒரு போதகர் வந்தார். ஊர் தெரியாத பிள்ளை, உறவென்று யாரும் இல்லை. போதகர் செய்தது இரண்டே காரியம். விலகிக் கிடந்த போர்வையை இழுத்துக் கால்வரை மூடிவிட்டார். ஊரில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பிள்ளை காதில் நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றார். கை மாற்றி மாற்றிப் பிடித்தார். காலையில் என் மேசைக்கு வந்து, "அம்மா, இழப்பீட்டுக்கு யாரைப் பார்க்கணும்? எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். நான் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தம்பியின் நண்பனைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டு வந்தார்.

இழப்பீடு வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள், பாதுகாப்பு உத்தரவு எழுத ஆள் இருக்கிறார்கள், கடனுக்குப் பேரம் பேசவும் ஆள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்கள் யாரிடமும் ஆள் இல்லை. நீங்கள் இந்த எட்டு மாதமாக வங்கியாகவும் காவல்துறையாகவும் வழக்கறிஞராகவும் இருக்கப் பார்த்திருக்கிறீர்கள். அவரவர் வாசல்வரை கூட நடந்து போய், உள்ளே ஒப்படைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருங்கள். அதைக் கைகழுவுவது என்று நினைக்காதீர்கள்.

இதற்குச் சபையும் மாறவேண்டும். செயற்குழுவில் நீங்கள் நம்பும் ஒருவரிடமும், உங்களுக்கு மேலிருக்கும் மூத்த போதகரிடமும் இந்த வாரம் பேசுங்கள், சகோதரியின் கணவர் இல்லாத இடத்தில். இரவுப் போனை மூன்று மூப்பர்கள் முறை வைத்து எடுக்கட்டும். ஏழைகள் நிதிக்கு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும், அப்போது "பாஸ்டர், எனக்கு மட்டும்" என்ற நெருக்கடி உங்கள் மேல் விழாது. இரண்டு சபைக்காரர்கள் குடும்ப சேவை நிலையம் எப்படி இயங்குகிறது என்று போய்க் கேட்டு வரட்டும். உங்களுக்கென்று சபைக்கு வெளியே ஒரு ஆலோசகர் வேண்டும், மாதம் ஒருமுறையாவது. நானும் அப்படி ஒருவரிடம் போகிறேன், இருபது ஆண்டாக.

திங்கட்கிழமை போனை மூப்பரிடம் கொடுத்துவிட்டு மகளோடு வெளியே போங்கள். உபதேசம் வேண்டாம், ஓ லெவல் தேர்வைப் பற்றியும் பேச வேண்டாம். அவளுக்குப் பிடித்த சாப்பாட்டுக் கடை எது என்று கேளுங்கள், பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதற்காவது பதில் இருக்கும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: தம்பிக்காக இன்றே அந்தப் போன். இன்றிரவு மனைவியிடம் பேச்சு, முதலில் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரி, பிறகு கடன். நாளைக் காலை மருத்துவர். அதன்பின் சகோதரி, உங்கள் மனைவியும் கூட வர. இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். மருத்துவர் என்ன சொன்னார், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.